வள்ளல் சீதக்காதியும் நம் பெருநாள் தருமமும்

தமிழ் பேசும் எந்த ஊருக்குப் போனாலும், கொடைக்கு உவமை சொல்ல வேண்டிய இடம் வந்தால், பாரி, காரி என்னும் பழைய பெயர்களை அடுத்து ஒரு முஸ்லிமின் பெயர் தானாகவே நாவில் வந்து நிற்கும். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியிலேயே இடம்பிடித்துவிட்ட அந்தப் பெருமகனார்தாம் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறிந்த பெயர். ஆனால் அவர் யார், எவ்வாறு பொருள் ஈட்டினார், அதை எவ்வாறு செலவிட்டார் என்று கேட்டால், நம்மில் பலர் கல்லறையிலிருந்து கை நீண்ட கதையோடு நிறுத்திக்கொள்வோம். ரமழானும் இரு பெருநாட்களும் வரும்போதெல்லாம் நம் வீட்டு வாசலில் கை நீட்டுவோர் பெருகுகின்றனர். யாருக்குக் கொடுப்பது, எதை நம்பிக் கொடுப்பது என்று அப்போது குழம்பும் குடும்பங்களுக்கு, அந்தக் கதையைவிட அவருடைய வாழ்க்கை அதிகம் சொல்லித்தரும் என்பது நம் எண்ணம்.

வள்ளலின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் திருநாமத்தைப் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்வது நம் கடற்கரை ஊர்களில் நெடுநாளைய வழக்கம். செய்கு அப்துல் காதிர் என்பது தமிழ் நாவில் உருண்டு உருண்டு சீதக்காதி ஆயிற்று. வணிக உலகில் அவருக்கு வழங்கிய பெயர் பெரிய தம்பி மரைக்காயர். அவர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கீழக்கரை அந்நாளில் சேது நாட்டின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. முத்தும் சங்கும் குளிக்கும் கடல் ஒரு புறம்; அரிசியும் மிளகும் துணியும் ஏற்றிய மரக்கலங்கள் வந்து போகும் துறை மறு புறம்.

அந்த வாணிபம் இன்று நாம் நினைப்பதுபோல் எளிதாக இருக்கவில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டபின், முத்துக்கும் சங்குக்கும் தாங்களே உரியவர்கள் என்று கடலையே வேலி போட்டு அடைக்கப் பார்த்தார்கள். நம் வணிகர்களின் கப்பல்கள் அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு எதிர்நின்று தம் கப்பல்களை நடத்திக் காட்டிய தமிழ் வணிகர்களில் தலையாயவர் பெரிய தம்பி மரைக்காயர். டச்சுக் கம்பெனியாரின் ஏடுகளில் அவர் பெயர் ஒரு போட்டியாளரின் பெயராகவே இடம்பெறுகிறது. ஆங்கிலக் கம்பெனியாரும் அவரோடு வணிகத் தொடர்பு கொள்ள விரும்பினர். சுருங்கச் சொன்னால், அவர் வாரி வழங்கிய பொருள் வானத்திலிருந்து கொட்டியதன்று. அலையோடும் அந்நியரோடும் போராடி ஈட்டிய ஹலாலான பொருள்.

சேது நாட்டை அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று வரலாறு கூறும் ரகுநாத சேதுபதி மன்னர். 1710 வரை ஆண்ட அவர், தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவர். மன்னர் இந்து, மரைக்காயர் தொழுகை தவறாத முஸ்லிம். ஆயினும் மன்னர் அவரைத் தம் நெருங்கிய ஆலோசகராகக் கொண்டார். தம் பெயரையே அவருக்குப் பட்டமாகச் சூட்டி விஜய ரகுநாத பெரிய தம்பி மரைக்காயர் என்று அழைக்கச் செய்தார். ஓர் அரசன் தன் பெயரைப் பிறனுக்குக் கொடுப்பது சாதாரணச் செயலன்று. அந்தப் பெயரைச் சொல்லி அவர் எங்கே கையெழுத்திட்டாலும் அது அரசனின் மானத்தையும் தொடும் அல்லவா? அமானிதம் காப்பவர் என்று நூற்றுக்கு நூறு தெரிந்தவருக்கே அத்தகைய பட்டம் கிடைக்கும்.

இனி நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

வள்ளலின் காலத்தில் ஒரு கொடிய பஞ்சம் வந்தது. பொன்னை ஒரு தட்டிலும் நெல்லை மறு தட்டிலும் இட்டு நிறுத்து விற்கும் அளவுக்கு விலை ஏறிற்று என்று படிக்காசுப் புலவர் பாடிவைத்திருக்கிறார். புலவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் பசி மிகையன்று. அந்த நாட்களில் சீதக்காதியின் வாசலில் சோறு நிற்கவில்லை. வந்தவன் எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்கப்படவில்லை. பாடிய படிக்காசுப் புலவரே பின்னாளில் தருமபுரம் மடத்தில் தம்பிரானாக இருந்த சைவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முஸ்லிம் வணிகரின் சோற்றை ஒரு சைவத் துறவி பாடுகிறார் என்றால், அந்தச் சோறு எத்தனை வாசல்களைக் கடந்து போயிருக்கும்!

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் அரிசி வாணிபமும் செய்தவர். நெல்லுக்குப் பொன் விலை வருகிற நாள் ஓர் அரிசி வணிகனுக்கு எத்தகைய நாள்? குதிரைப் பூட்டிக் களஞ்சியத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் போதும். ஓராண்டில் ஏழு தலைமுறைக்குச் சேர்த்துவிடலாம். உணவுப் பொருளைப் பதுக்கி விலையேற்றுவோரை நாயகம் (ஸல்) அவர்கள் பாவிகள் என்று கடிந்திருக்கிறார்கள். அந்தப் பாவத்துக்கு எல்லா வாய்ப்பும் கையில் இருந்தபோது அவர் பூட்டைத் திறந்தார். உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுப்பது ஒரு கொடை. பெரும் இலாபம் கண்முன் நிற்கும்போது அதை விட்டுக் கொடுப்பது அதனினும் மேலான கொடை. வள்ளல் என்ற பெயர் அவருக்குப் புலவர் பாடியதால் வந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. அந்தக் களஞ்சியத்துக் கதவு திறந்தபோதே அப்பெயர் வந்துவிட்டது.

நாம் இருக்கும் வீரகேரளம்புதூருக்கும் வள்ளல் என்ற சொல் புதிதன்று. சிற்றாற்றங்கரையில் உள்ள இவ்வூரில்தான் ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்தது. இருதயாலய மருதப்பத் தேவர் இங்கிருந்தே புலவர்களைப் போற்றினார். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தவர் அவரே, உ. வே. சாமிநாதையரும் இங்கு வந்து அவருடைய உபசரிப்பைப் பெற்றுச் சென்றவர். ஆகவே கொடுப்பவர் பெயர் பாட்டில் நிற்கும் என்பது இந்த மண்ணுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் இந்த வட்டாரத்து வீடுகளில் இன்று யாரும் ஜமீன்தாருமில்லை, கப்பல் மரைக்காயருமில்லை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதற்கும், பீடி சுற்றிச் சேர்த்த சிறு நகைக்கும் கணக்குப் பார்த்து ஜகாத் எடுத்து வைக்கிற குடும்பங்கள்தாம். அந்த நூற்றுக்கு இரண்டரையை யாரிடம் சேர்ப்பது என்பதுதான் அவர்களின் கவலை. அது சிறு தொகையாக இருக்கலாம்; ஆனால் அது நம்முடையதன்று, ஏழையின் உரிமை நம் பெட்டியில் தங்கியிருக்கிறது. பிறர் பொருளைத் தவறான கையில் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியுமா?

இந்த இடத்தில் வள்ளலின் வாழ்வில் வந்த இன்னொரு பெரியாரை நினைக்க வேண்டும். அவர்கள் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1703இல் மறைந்த மாபெரும் ஆலிம். அரபியில் கவி பாடியவர்கள். பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கிய கல்லூரி அவர்கள் பெயரையே தாங்கி நிற்பதால் நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு அப்பெயர் அன்றாடம் பழகியது. சீதக்காதி அவர்களை வழிகாட்டியாகக் கொண்டிருந்தார். பணம் இவரிடம், மார்க்க ஞானம் அவர்களிடம். கையில் பொருள் இருப்பவன், அது போக வேண்டிய வழியைத் தன் மனம்போல முடிவு செய்யாமல், அறிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்தான் என்பதே இந்த உறவின் சிறப்பு. நம்மிலோ சிலர், வீட்டு வரைபடத்துக்குப் பொறியாளரைக் கேட்கிறோம், நகைக்குத் தட்டாரைக் கேட்கிறோம், ஜகாத்துக்கு மட்டும் யாரையும் கேட்பதில்லை.

உமறுப் புலவரின் நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. எட்டயபுரத்து அவைப் புலவராக இருந்த உமறு, நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாட வேண்டும் என்று வள்ளல் விரும்பினார். பொருள் தருவதற்கு அவர் இருக்கிறார். பாடுவதற்குப் புலவர் இருக்கிறார். ஆனால் அரபியில் இருக்கும் செய்திகளைத் தவறின்றிப் புலவருக்கு எடுத்துச் சொல்ல ஆலிம் வேண்டுமே! புலவர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் அனுப்பப்பட்டார். அவர்களோ, வள்ளல் அனுப்பிய ஆள் ஆயிற்றே என்று உடனே இசைந்துவிடவில்லை. அரசவைக் கோலத்தில் வந்து நின்ற புலவரைப் பார்த்து முதலில் மறுத்துவிட்டார்கள் என்றும், புலவர் மனம் நொந்து இறைஞ்சிய பின்னரே இசைந்து, பறங்கிப்பேட்டையில் இருந்த மாமு நெய்னா லெப்பை ஆலிம் அவர்களிடம் செய்திகளைக் கேட்டுப் பெறுமாறு அனுப்பினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு என்னும் அமானிதத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன், அவர் தகுதியானவர்தாமா என்று பார்த்த பிறகே ஒப்படைத்தார்கள். வள்ளலும் அதற்காக முகம் சுளிக்கவில்லை.

சரி, ரமழானில் நம் தெருவுக்கு வருவோம். தராவீஹ் முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் ரசீதுப் புத்தகத்தோடு நால்வர் ஐவர் அமர்ந்திருப்பதை எல்லா ஊரிலும் காணலாம். தூரத்து மதரஸா, கேட்டறியாத அநாதை நிலையம், அடிக்கல் நாட்டிய நிலையில் நிற்கும் பள்ளிவாசல் எனப் பலவும் இருக்கும். இவர்களில் உண்மையானவர்கள் பலர்; அந்த ஒரு மாத வசூலில்தான் ஆண்டு முழுதும் ஓதும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற மதரஸாக்களும் உண்டு. எனவே எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பாவம். அதே சமயம் பொய் ரசீது அச்சிடுவது எவ்வளவு எளிது என்பதும் நமக்குத் தெரியாததன்று. இப்போது கைபேசியிலும் படங்கள் வருகின்றன. அழுகிற ஒரு குழந்தையின் முகம், அதன் கீழே பணம் அனுப்பும் கட்டம். அந்தக் கட்டத்தைத் தொட்டால் வருவது நிறுவனத்தின் பெயரா, தனி ஒருவரின் பெயரா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பலர் அந்த அரை நிமிடத்தையும் செலவிடுவதில்லை.

ஒரு நிறுவனத்தை அறிய அதன் ஊர் ஜமாஅத்தைக் கேட்பதே சிறந்த வழி. ரசீதில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசினால் அவர்களே எடுப்பார்கள். அந்த ஊர் முத்தவல்லியையோ இமாமையோ வேறு வழியில் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். நம் ஆட்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகாத ஊர் தமிழ்நாட்டில் எது? கேட்டால் ஒரு நாளில் விவரம் வந்துவிடும். பதிவு பெற்ற நிறுவனமா, கணக்கைத் தணிக்கை செய்கிறார்களா, அதைக் கேட்பவருக்குக் காட்டுகிறார்களா என்பன அடுத்துப் பார்க்க வேண்டியவை. கேட்டவுடன் கோபம் கொள்கிறவர்களிடம் நாம் ஒரு காசும் கொடுக்க மாட்டோம். உண்மையாக நடத்துபவர்கள், கேட்டால் மகிழ்வார்கள். ஒருமுறை வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போங்கள் என்று அழைப்பார்கள்.

வசூலுக்கு வருகிறவருக்கு என்ன கூலி என்பதும் கேட்க வேண்டியதே. மாதச் சம்பளத்துக்கு வருகிறாரா, வசூலில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு வருகிறாரா? பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்கிற ஏற்பாடுகளும் காதில் விழுகின்றன. ஏழைக்கென்று நாம் கொடுத்த நூறு ரூபாயில் ஐம்பது வழியிலேயே இறங்கிவிடுமானால், அதை ஆலிம்கள் எவரும் நல்ல ஏற்பாடு என்று சொல்லக் கேட்டதில்லை.

இன்னொரு முக்கியமான கேள்வி: ஜகாத் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கிறார்களா? குர்ஆன் ஷரீபின் தவ்பா அத்தியாயம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை எண்ணிச் சொல்லிவிட்டது. வறியவர், ஏழை, கடனில் மூழ்கியவர், வழிப்போக்கர் என்று போகும் அந்தப் பட்டியலில் கட்டடம் இல்லை. பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்பவும் மினாராவுக்கு வர்ணம் பூசவும் ஜகாத்தைச் செலவிடக் கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. அதற்குக் கொடுக்க வேண்டியது ஸதகா. பித்ராவோ தனி. பெருநாள் தொழுகைக்குப் போகும் முன், வீட்டில் பிறந்த கைக்குழந்தை உட்படத் தலைக்கு ஒரு ஸாஉ அளவு ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். அரிசியாகவே கொடுப்பதா, அதன் விலையைக் கொடுக்கலாமா என்பதில் ஷாபி, ஹனபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் இமாமைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிற நிறுவனத்திடம், பித்ராப் பணம் பெருநாளைக்கு முன்பு ஏழை வீட்டு அடுப்புக்குப் போயிற்றா என்று கேட்டால் விடை இராது. தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரண ஸதகாவாகிவிடுகிறது.

வள்ளல் புலவர்களுக்கு அளித்த பொன்னும் பட்டாடையும் ஜகாத்தன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். அது அன்பளிப்பு. பஞ்சத்தில் எல்லா மதத்தாருக்கும் போட்ட சோறு ஸதகா. அதற்கு மதம் குறுக்கே நிற்காது. நம் தெருவிலுள்ள மாற்று மதத்து ஏழைக்குப் பெருநாளன்று கொடுப்பது கூடுமா என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. ஸதகாவைத் தாராளமாகக் கொடுக்கலாம். சீதக்காதியின் வாசலில் நின்றவர்களில் பெரும்பாலோர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளில் வரும் குர்பானித் தோலும் இதே கதைதான். தோலை விற்றுத் தாமே வைத்துக்கொள்ளக் கூடாது. உரித்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவும் கூடாது. முன்பு ஒரு தோலின் விலையில் மதரஸாவுக்கு நல்ல வருவாய் இருந்தது. இப்போது தோல் விலை விழுந்துவிட்டதால் வாங்கிப் போக ஆள் தேடும் நிலை. தோலைக் கொடுத்ததோடு அந்த மதரஸாவுக்கு நம் கடமை முடிந்துவிட்டது என்று இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நிறுவனங்களைத் தேடி அலையும் முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: நம் சொந்தம். ஏழைக்குக் கொடுத்தால் ஒரு நன்மை, ஏழை உறவினருக்குக் கொடுத்தால் இரு நன்மை என்பது நபிமொழியின் கருத்து. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்கக் கூடாது. அவர்களைக் காப்பது நம் கடமையே. ஆனால் கணவனை இழந்த மாமி மகள், கடனில் சிக்கிய சாச்சா மகன் ஆகியோருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அவர்கள் ரசீதுப் புத்தகம் அச்சிட்டுக்கொண்டு வருவதில்லை. பெருநாளன்று பிள்ளைக்குப் பழைய சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். அந்தக் கதவை நாம்தான் தட்ட வேண்டும். தட்டும்போது கையில் கைபேசியைப் பிடித்துப் படம் எடுக்காமல் தட்ட வேண்டும். சொல்லிக் காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தருமத்தையே அழித்துவிடும் என்று இறைமறை எச்சரிக்கிறது. இன்னொன்று: ரமழானில் ஐந்து வீட்டிலிருந்து அவர்களுக்கு அரிசி வந்து குவியும், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கட்டணத்துக்கு ஒரு வீட்டிலிருந்தும் வராது. ஜகாத்துக்கு ஆண்டு நிறைவதைப் பொறுத்தே கடமை. அது கடமையாகும் முன்பே கொஞ்சம் முன்னதாகக் கொடுத்துவிடவும் வழி இருக்கிறது. ஆலிம்களைக் கேட்டு இதைச் செய்கிற குடும்பங்கள் இன்னும் பெருக வேண்டும்.

இத்தனை விசாரித்தும் ஏமாந்துவிட்டால்? வள்ளலைப் பற்றிய நூல்களில் சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒன்று இருக்கிறது. திருட்டுத் தொழிலில் இறங்கி, அகப்பட்டு, தண்டனையில் அங்கம் இழந்த ஒருவன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. அவனுக்கு ஆதரவு காட்டியவராக அதில் நிற்பவர் நம் வள்ளல். திருடனென்று தெரிந்தும் அவனைத் தள்ளிவிடாத கொடை அது. நாயகம் (ஸல்) அவர்களும் ஒரு மனிதரைப் பற்றிக் கூறியிருக்கிறார்கள். அவர் இரவில் தருமம் செய்யப் போய், அறியாமல் ஒரு நாள் திருடன் கையிலும், ஒரு நாள் ஒழுக்கம் தவறியவள் கையிலும், ஒரு நாள் செல்வன் கையிலும் கொடுத்துவிட்டார். ஊர் சிரித்தது. ஆனால் அந்தத் தருமத்தால் திருடன் திருட்டை விடலாம், அவள் திருந்தலாம், செல்வன் பாடம் பெறலாம் என்று அவருக்கு ஆறுதல் கிடைத்தது. முயன்று விசாரித்தவனின் நிய்யத்தை அல்லாஹ் வீணாக்க மாட்டான். விசாரிக்கவே சோம்பியவன் இந்த ஹதீஸில் ஒளிந்துகொள்ளப் பார்ப்பது வேறு விஷயம். கடமையான ஜகாத் தகுதியற்ற கைக்குப் போனால் திரும்பக் கொடுக்க வேண்டுமா என்பதில் மத்ஹபுகளின் சட்டம் வேறுபடுவதால், அப்படி நேர்ந்தவர்கள் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

இப்போது அந்தக் கல்லறைக் கதைக்கு வருவோம். வள்ளல் மறைந்த செய்தி அறியாமல் பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர், அடக்கவிடத்தில் நின்று கதறிப் பாட, மண்ணறை பிளந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பார்கள். அவர்மீது மக்கள் வைத்த அன்பு எவ்வளவு என்பதற்கு அந்தக் கதை நல்ல அளவுகோல். ஆனால் மரணித்தவருடைய செயல்கள் அறுந்துபோகின்றன; நிலைத்து நிற்கும் தருமம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்றே தொடர்கின்றன என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. இந்த அளவில் பார்த்தாலும் பழமொழி பொய்யாகவில்லை. கீழக்கரைக்குப் போகிறவர்கள் வள்ளல் எழுப்பிய பெரிய ஜும்ஆப் பள்ளியைப் பார்க்கலாம். சித்திர வேலைப்பாடமைந்த கல் தூண்களும் கல் விதானமுமாகத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணத்தில் எழுந்த பள்ளி. 300 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஸஜ்தா நடக்கிறது. அதை எழுப்பியவரின் கணக்கில் அது ஏறிக்கொண்டே இருக்கும் என்பது நம் நம்பிக்கை. அப்பா அவர்களும் வள்ளலும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். அவ்வூர்ச் செல்வர் பி. எஸ். அப்துர் ரஹ்மான் 20ஆம் நூற்றாண்டில் தாம் நிறுவிய அறக்கட்டளைக்குச் சீதக்காதியின் பெயரையே வைத்தார்; 1988இல் கீழக்கரையில் தோன்றிய தாஸிம் பீவி மகளிர் கல்லூரி அந்த அறக்கட்டளையின் பணிகளில் ஒன்று.

எஞ்சியிருப்பது சீறாப்புராணம். காவியம் முடியும் முன்பே வள்ளல் காலமாகிவிட்டார். பொருள் கொடுத்தவர் போய்விட்டால் வேலை நிற்பதுதான் உலக வழக்கம். பாதியில் நின்றுபோன மதரஸாக் கட்டடங்களை நாம் பார்க்கவில்லையா? அப்போது பறங்கிப்பேட்டையைச் சேர்ந்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். பிறர் தொடங்கிய பணியாயிற்றே, பெயர் அவருக்குத்தானே போகும் என்று அவர் ஒதுங்கவில்லை. உமறுப் புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். அவருக்கும் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை இறுதிவரை பாடி முடிக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதியைப் பனீ அஹ்மது மரைக்காயர் பின்னர்ச் சின்னச் சீறாவாகப் பாடி நிறைவு செய்தார். 1842இல் சேகு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் அதுவரை ஏட்டுச் சுவடியில் கிடந்த சீறாவைத் தேடித் திருத்தி முதன்முதலாக அச்சேற்றினார்கள். ஒருவர் தொடங்க, ஒருவர் தாங்க, ஒருவர் முடிக்க, ஒருவர் அச்சிட, இன்று மீலாது மேடைகளிலும் கல்லூரி வகுப்புகளிலும் அந்தக் காவியம் ஒலிக்கிறது.

அந்தப் பாடல்களில் அபுல் காசிம் மரைக்காயரைப் புலவர் பல இடங்களில் நன்றியோடு நினைந்து போற்றுகிறார். முதன்முதல் பாடச் சொன்ன சீதக்காதியின் பெயரோ காவியத்தில் எங்கும் இல்லை. ஏன் இல்லை என்று தமிழறிஞர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். வள்ளல் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார். கேட்க அவர் இருக்கவும் இல்லை.